வால்வு கிட்டார் ஆம்பில் கெயின் மிஞ்சினால்: வால்வு மாற்றுவதா, கேதோடு கெபாசிட்டரைக் கழற்றுவதா, டிவைடர் வைப்பதா?

வீட்டில் கட்டிய ஆம்பில் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) குமிழை 2-க்கு மேல் திருப்பினாலே நோட்டுகள் குழைந்து கூழாகின்றன என்றால், முதலில் கணக்குப் போடுங்கள். சாலிடரிங் அயர்னை அப்புறம் எடுக்கலாம். 12ஏஎக்ஸ்7 என்ற வால்வு கொண்ட ஒரு பெருக்கும் நிலையில் பிளேட்டுக்கு (சிக்னல் வெளிவரும் முனை) 100 கிலோ ஓம் ரெசிஸ்டர், கேதோடுக்கு (எலக்ட்ரான்களை வெளியிடும் முனை) 1.5 கிலோ ஓம், அதன் குறுக்கே 22 மைக்ரோஃபாராட் கெபாசிட்டர் என்பது வழக்கமான அமைப்பு. இது ஏறத்தாழ 60 மடங்கு பெருக்கும். கெயின் குமிழ் முதல் நிலைக்கும் இரண்டாம் நிலைக்கும் நடுவில் இருக்கிறது என்று கொள்வோம். குமிழைக் குறைத்து இரண்டாம் நிலையின் கிரிட்டுக்கு (சிக்னல் நுழையும் முனை) 0.3 வோல்ட் மட்டும் அனுப்பினாலும், மூன்றாம் நிலையின் கிரிட்டுக்கு 18 வோல்ட் போய்ச் சேர்கிறது. அந்தக் கிரிட் சுத்தமாக வாங்கிக்கொள்வது சுமார் 1.5 வோல்ட்தான். 12 மடங்கு, அதாவது ஏறக்குறைய 22 டெசிபல் கூடுதல். கீழே சொல்லும் ஒவ்வொரு வழியையும் இந்த 22 என்ற எண்ணோடு வைத்துப் பார்த்தால் எது எவ்வளவு உதவும் என்று தெரிந்துவிடும்.

அதற்கு முன் ஒரு சோதனை. கிட்டாரைக் கழற்றிவிட்டு, குமிழ்களை மெல்ல ஏற்றுங்கள். கீச்சென்று கத்தினாலோ, ஒரு குமிழின் குறிப்பிட்ட இடத்தில் மட்டும் சத்தம் திடீரென மெலிந்து கரகரத்தாலோ அது ஆசிலேஷன் (வெளிவரும் சிக்னல் உள்ளே திரும்பிப் போய் ஆம்ப் தானாக அலறுவது). உலர்ந்த மரக்குச்சியால் கிரிட் வயர்களைத் தள்ளும்போது சத்தம் மாறினால் குற்றம் வயர் போன பாதையில். அந்த நிலையில் கெயினைக் குறைத்தால் நோய் மறையும், தீராது.

வால்வு மாற்றுவது

எல்லோரும் முதலில் செய்வது இதைத்தான். காரணம், சாலிடரிங் வேண்டாம். 12ஏஎக்ஸ்7-இன் ம்யூ (வால்வால் அதிகபட்சம் பெருக்க முடிந்த மடங்கு) 100, 12ஏடி7-இன் ம்யூ 60. அதனால் கெயினும் நாற்பது சதவீதம் குறையும் என்று நினைத்துவிடுகிறோம். நடப்பது வேறு. 12ஏடி7-இன் உள் தடை மிகவும் குறைவு என்பதால் 100 கிலோ ஓம் பிளேட் சுமையில் அது 50 மடங்கு அளவுக்குப் பெருக்கவே செய்கிறது. குறைவது 2 டெசிபல் கூட இல்லை. 5751 போட்டால் 3 டெசிபல், 12ஏஒய்7 போட்டால் 5 டெசிபல் குறையும். 12ஏயு7 மட்டுமே 12 டெசிபல் வரை இறக்கும். ஆனால் 1.5 கிலோ ஓம் கேதோடில் அது அதிகக் கரண்ட் இழுத்து, பிளேட் வோல்டேஜைக் கீழே தள்ளிவிடும். ஒலியும் தட்டையாகிவிடும்.

இன்னொன்று, ஒரு வால்வுக் குப்பிக்குள் இரண்டு ட்ரையோடு, அதாவது இரண்டு நிலைக்கான பாகங்கள். முதல் குப்பியை மாற்றினால் முதல் நிலையும் சேர்ந்து பலவீனமாகும். பின்னால் வரும் நிலைகளின் ஹிஸ் (இரைச்சல்) அப்படியே இருக்க, சிக்னல் மட்டும் சிறுத்துப்போகும். எந்தக் குப்பியில் பிரச்சினை என்று கண்டுபிடிக்க வால்வு மாற்றம் நல்ல வழி. மருந்தாக அதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

கேதோடு கெபாசிட்டரைக் கழற்றுவது

22 மைக்ரோஃபாராடின் ஒரு காலைத் தூக்கினால் போதும், கெயின் 61-இலிருந்து 32-க்கு இறங்கும். கிட்டத்தட்ட 6 டெசிபல். நிலையின் அவுட்புட் இம்பீடன்ஸ் (வெளிமுனையின் தடை) 38 கிலோ ஓமிலிருந்து 68-க்கு ஏறும். ஹீட்டருக்கு (வால்வைச் சூடாக்கும் கம்பி) ஏசி கொடுத்திருந்தால் ஹம் (உறுமல்) கூடுதலாகக் கேட்கலாம். அப்படி வந்தால் ஹீட்டர் வைண்டிங்கின் நடுமுனையை (சென்டர் டேப்) எர்த்தில் கட்டாமல் 30 முதல் 50 வோல்ட் டிசிக்கு உயர்த்துங்கள். இதை இரண்டாம் நிலையில் செய்யுங்கள், முதல் நிலையைத் தொடாதீர்கள். 6 டெசிபல் அதிகம் என்றால் கெபாசிட்டரோடு தொடராக 1 கிலோ ஓம் சேர்த்தால் 3 டெசிபல் அளவில் நிற்கும்.

22-க்குப் பதில் 0.68 மைக்ரோஃபாராட் போடச் சொல்பவர்கள் உண்டு. அது பாஸை மட்டும் வெட்டும், மேல் ஒலிகளுக்கு முழு கெயின் அப்படியே கிடைக்கும். பாஸ் தொளதொளப்பதுதான் உங்கள் குறை என்றால் சரி. கரகரப்புதான் குறை என்றால் பயனில்லை.

நிலைகளுக்கு நடுவே டிவைடர்

எங்கள் தேர்வு இதுதான்: சிக்னலைப் பிரித்து ஒரு பங்கை மட்டும் அடுத்த நிலைக்கு அனுப்பும் அமைப்பு. இரண்டே ரெசிஸ்டர்களில் எத்தனை டெசிபல் வேண்டுமோ அத்தனையும் குறைக்கலாம், பயஸ் (வால்வின் ஓய்வுநிலை வோல்டேஜ்) மாறாது. மார்ஷல் 2204 ஆம்பில் இருக்கும் 470 கிலோ ஓம் / 470 கிலோ ஓம் ஜோடி 6 டெசிபல் குறைக்கும். 1 மெகா ஓம் தொடராக, 100 கிலோ ஓம் எர்த்துக்கு என்றால் 21 டெசிபல். நம் கணக்கில் வந்த 22-க்கு மிக அருகில்.

எந்த ஜோடி என்று ஊகிக்க வேண்டாம். 1 மெகா ஓம் லீனியர் பாட் (குமிழ் ரெசிஸ்டர்) ஒன்றைத் தற்காலிகமாக மாட்டுங்கள். மேல் கால் கப்ளிங் கெபாசிட்டரின் (டிசியைத் தடுத்து சிக்னலை மட்டும் விடுவது) வெளிப்பக்கத்துக்கு, கீழ்க்கால் எர்த்துக்கு, நடுக்கால் மூன்றாம் கிரிட்டுக்கு. வயர்கள் ஒரு விரல் நீளத்தைத் தாண்டக் கூடாது. பெரிய கார்டு ஒன்றை அடித்து, ஸ்வரங்கள் பிரிந்து கேட்கும் இடம் வரை குறையுங்கள். பிறகு கரண்டை நிறுத்தி, ஃபில்டர் கெபாசிட்டர்களை 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீட்டரில் 5 வோல்ட்டுக்குக் கீழ் வந்ததைப் பார்த்த பின்னரே பாட்டைக் கழற்றி அளக்க வேண்டும். 890 / 110 கிலோ ஓம் என்று காட்டினால் 1 மெகா, 120 கிலோ ஜோடி பொருந்தும்.

இதில் மூன்று தவறுகள் நடக்கும். டிவைடரைக் கப்ளிங் கெபாசிட்டருக்கு முன்னால் வைத்தால் பிளேட்டின் 200 வோல்ட்டில் 18 வோல்ட் பாசிட்டிவாகக் கிரிட்டில் ஏறி, வால்வு முழுவதும் திறந்துகொள்ளும். பழைய 1 மெகா ஓம் கிரிட் லீக்கை (கிரிட்டிலிருந்து எர்த்துக்குப் போகும் ரெசிஸ்டர்) எடுக்க மறந்தால், 470 / 470 ஜோடி 6-க்குப் பதிலாக 8 டெசிபல் குறைக்கும். மூன்றாவது மேல் ஒலி இழப்பு. 12ஏஎக்ஸ்7 கிரிட்டின் மில்லர் கெபாசிட்டன்ஸ் (பெருக்கத்தால் பெரிதாகத் தெரியும் உள் கெபாசிட்டன்ஸ்) 120 முதல் 150 பிக்கோஃபாராட் வரை வரும். 470 / 470 ஜோடியோடு சேர்ந்து அது 5 கிலோஹெர்ட்ஸ் சுற்றிலேயே ஒலியை மழுக்கும். மேல் ரெசிஸ்டருக்குக் குறுக்கே 100 பிக்கோஃபாராட் போட்டால் சரியாகும். மார்ஷலைப் பார்த்து 470 பிக்கோஃபாராட் போட்டால் 700 ஹெர்ட்ஸுக்கு மேலே கெயின் மறுபடி ஏறத் தொடங்கும், நீங்கள் குறைக்க நினைத்த கரகரப்பே திரும்பி வரும். 1 மெகா / 100 கிலோ ஜோடியில் இழப்பு 11 கிலோஹெர்ட்ஸ் பக்கம் போய்விடுவதால் இது எதுவும் தேவையில்லை.

தொடர் ரெசிஸ்டரால் இன்னொரு நன்மை. கிரிட் கரண்ட் கப்ளிங் கெபாசிட்டரைச் சட்டென்று சார்ஜ் செய்ய முடியாது, பலமாக அடித்த பிறகு ஒரு கணம் ஒலி அமுங்கிப்போவதும் குறையும். கூடவே 1 மெகா / 100 கிலோ ஜோடியோடு கப்ளிங் கெபாசிட்டரை 22 நானோஃபாராடிலிருந்து 2.2 ஆக்கினால் பாஸ் வெட்டு 66 ஹெர்ட்ஸில் விழும். கிட்டாரின் தாழ்ந்த ஈ கம்பி 82 ஹெர்ட்ஸ் என்பதால் இசையில் பெரிதாக எதுவும் போகாது.

மாஸ்டர் வால்யூமும், ஸ்பீக்கருக்கு முன் வைக்கும் அட்டெனுவேட்டரும் சத்தத்தைத்தான் குறைக்கும், ப்ரீஆம்ப் (இந்த முதல் நிலைகள்) கெயினைத் தொடாது. பிளேட் ரெசிஸ்டரை 47 கிலோ ஓமாக்கினால் கிடைப்பது 3 டெசிபல், அதற்காக பயஸையும் திரும்பப் பார்க்க வேண்டும்.

ரெசிஸ்டர்களுக்கு அரை வாட் போதும், கெபாசிட்டர் 400 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. முடித்ததும் மூன்றாம் கிரிட்டில் டிசி வோல்டேஜ் அளந்து பாருங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இல்லாமல் பாசிட்டிவாக ஏதாவது காட்டினால் கப்ளிங் கெபாசிட்டர் கசிகிறது. அதை மாற்றிய பிறகு வாசியுங்கள்.