முதல் ஆளா, மூன்றாவது ஆளா: நேதன் ரோர்க் முன்னால் இருந்த இரண்டு வழிகள்

கனடாவின் சி.எஃப்.எல். என்பது பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடும் ஃபுட்பால் தொடர். அதில் ஒரு இளம் குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர், கொஞ்சம் மின்னினால் போதும், அமெரிக்காவின் பெரிய தொடரைச் சொல்லி "என்.எஃப்.எல். எப்போது?" என்று ஊரே கேட்க ஆரம்பித்துவிடும். 2022இல் அந்தக் கேள்வி பிசி லயன்ஸ் அணியின் நேதன் ரோர்க்கைத் துரத்தியது. பத்தே ஆட்டங்களில் அவர் எறிந்து சேர்த்தது 3,349 யார்டு, 25 டச்டவுன் (எதிரணியின் கடைசி எல்லைக்குள் பந்தைச் சேர்த்து எடுக்கும் ஸ்கோர்). எறிந்த பந்துகளில் 78.7 சதவீதம் சரியான கைக்குப் போயிருந்தது. நடுவில் பாதத்தில் காயம் பட்டிருக்காவிட்டால் எங்கே போய் நின்றிருக்குமோ! அத்தனைக்கும் அவர் விக்டோரியாவில் பிறந்து ஒன்டாரியோவில் வளர்ந்த கனடாக்காரர். சி.எஃப்.எல்.லிலேயே இந்த இடத்தில் பெரும்பாலும் அமெரிக்கர்கள்தான் ஆடுவார்கள்.

சீசன் முடிந்ததும் பல அமெரிக்க அணிகள் அவரை அழைத்து எறியச் சொல்லிப் பார்த்தன. தங்குவதா, போவதா?

முதலில் ஆட்டம். கனடா மைதானம் 110 யார்டு நீளம், 65 யார்டு அகலம். அமெரிக்க மைதானம் 100 யார்டு நீளம், 53 யார்டுக்குச் சற்று மேல் அகலம். பத்து யார்டு முன்னேற அமெரிக்காவில் நான்கு வாய்ப்பு, கனடாவில் மூன்றுதான். மூன்றாவதில் பெரும்பாலும் பந்தை உதைத்துக் கொடுத்துவிடுவார்கள் என்பதால் கையில் இருப்பது நிஜத்தில் இரண்டு. அதனால் கனடாவில் குவாட்டர்பேக் எறிந்துகொண்டே இருந்தாக வேண்டும். அகலமான மைதானம், பந்து நகரும் முன்பே ஓட்டமெடுத்து வரும் ரிசீவர்கள் (எறிந்த பந்தைப் பிடிப்பவர்கள்), ஒரு யார்டு தள்ளி நிற்கும் எதிரணித் தடுப்பு வரிசை: காலும் கண்ணும் வேகமாக இருப்பவனுக்கு இது சொர்க்கம். என்.எஃப்.எல்.லில் தடுப்பு வரிசை பந்தின் நீள இடைவெளியில் மூக்குக்கு நேராக நிற்கும். எறிய இடுக்கு கிடைத்தால் பெரிது. ஆனால் திறமை இருப்பவன் இதைப் பழகிக்கொள்வான். இடம் மாறத் தயங்க வைக்கும் காரணமாக இதை நான் நினைக்கவில்லை.

அடுத்து பணம். இதில் போட்டியே இல்லை. 2023இல் என்.எஃப்.எல். புதுமுகத்தின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளமே 7,50,000 அமெரிக்க டாலர். பிரதான அணியில் இடம் கிடைக்காமல் பயிற்சிக் குழுவில் இருந்தாலும் வாரத்துக்கு 12,000 டாலர். அதே ஆண்டில் ஒரு சி.எஃப்.எல். அணி தன் வீரர்கள் எல்லோருக்கும் சேர்த்துக் கொடுக்கக்கூடிய தொகையின் வரம்பு 50 லட்சம் கனடிய டாலருக்குச் சற்று மேல். சிறு வயதில், உடம்பு எந்த ஆட்டத்தில் உடையும் என்று தெரியாத தொழிலில், இதைத் தட்டிக்கழி என்று யாருக்கும் அறிவுரை சொல்ல முடியாது.

அப்புறம்தான் சிக்கலான விஷயம் வருகிறது: ஆடும் நேரம். ரிசீவரோ தடுப்பு வீரரோ அமெரிக்கா போனால் மாற்று ஆளாகச் சில நிமிடங்களாவது இறங்குவார், உதைக்கும் கட்டங்களிலாவது ஓடுவார். லயன்ஸிலிருந்து மயாமி போன தடுப்பு வீரர் கேமரன் வேக் அப்படித்தான் முதலில் கிடைத்த வாய்ப்பைப் பிடித்து மேலே வந்தார். குவாட்டர்பேக்குக்கு அந்த வழி கிடையாது. கிரிக்கெட்டில் இரண்டாவது விக்கெட் கீப்பரின் கதிதான். முதல் ஆளுக்கு அடிபட்டால் ஒழிய வேலை இல்லை. மூன்றாவது ஆள் என்றால் பயிற்சியில்கூட எதிரணி குவாட்டர்பேக் போல நடித்துக் காட்டுவதே பெரும்பாலும் வேலை.

ரோர்க் 2023 ஜனவரியில் என்.எஃப்.எல். அணியான ஜாக்சன்வில் ஜாகுவார்ஸில் சேர்ந்தார். அங்கே முதல் இடம் டிரெவர் லாரன்ஸுடையது, அது அசையாது. ஆகஸ்ட்டில் டல்லாஸுக்கு எதிரான முன்னோட்ட ஆட்டத்தில், மேலே விழுந்து பிடித்தவர்களை உதறிக்கொண்டு ரோர்க் எறிந்த டச்டவுன் அமெரிக்கா முழுக்கச் சுற்றியது. அதைப் பார்த்தவர்கள் யாரும் இவருக்குத் திறமை இல்லை என்று சொல்லமாட்டார்கள். அதே மாதக் கடைசியில் பிரதான அணியில் இடமில்லை, பயிற்சிக் குழு. பிறகு நியூ இங்கிலாந்து, நியூயார்க் ஜயன்ட்ஸ், அட்லான்டா என்று சீருடைகள் மாறின. சீசன் ஆட்டம் ஒன்றில்கூட ஒரு பந்து எறியவில்லை. 2024 ஆகஸ்ட்டில் லயன்ஸுக்கே திரும்பினார்.

கனடாவிலிருந்து போய் என்.எஃப்.எல்.லில் நட்சத்திரமான குவாட்டர்பேக் வாரன் மூனைக் காட்டி மறுப்பவர்கள் உண்டு. சரி, பார்ப்போம். அவர் 1978 முதல் 1983 வரை எட்மன்டனில் ஆடி சி.எஃப்.எல். சாம்பியனுக்கான கிரே கோப்பையை ஐந்து முறை வென்ற பிறகே ஹூஸ்டன் போனார். ஜெஃப் கார்சியாவும் கால்கரியில் ஐந்து சீசன் இருந்துவிட்டுத்தான் 1999இல் சான் ஃபிரான்சிஸ்கோ போனார். இருவரும் அமெரிக்கர்கள். கனடாவில் வருடக்கணக்கில் ஆட்டத்தை நடத்திப் பழுத்த பிறகே எல்லை தாண்டினார்கள். ரோர்க்கிடம் இருந்தது முதல் ஆளாகப் பாதி சீசன்.

இன்னொரு வழியும் அந்த வீட்டிலேயே இருக்கிறது. தம்பி கர்ட்டிஸ், அண்ணன் படித்த ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் ஆடிவிட்டு 2024இல் இந்தியானாவுக்கு மாறினார். அணியைக் கல்லூரி பிளேஆஃப் வரை கொண்டுபோனார். என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2025 டிராஃப்டின் கடைசிச் சுற்றான ஏழாவதில் சான் ஃபிரான்சிஸ்கோ அவரை எடுத்தது. அண்ணனை 2020இல் எந்த என்.எஃப்.எல். அணியும் எடுக்கவில்லை. பெரிய கல்லூரித் தொடரில் ஒரு நல்ல வருடம் ஆடினால் அமெரிக்கத் தேர்வாளர்களுக்கு அது புரிகிறது. சி.எஃப்.எல். புள்ளிவிவரத்தை அவர்கள் தள்ளுபடி விலையில்தான் பார்க்கிறார்கள்.

திரும்பி வந்த நேதன் 2025இல் 5,000 யார்டுக்கு மேல் எறிந்து தொடரின் மிகச்சிறந்த வீரர் விருதை வாங்கினார். 1969இல் ரஸ் ஜாக்சனுக்குப் பிறகு அதைப் பெற்ற முதல் கனடிய குவாட்டர்பேக் இவர்தான். போனது வீண் என்று இதை வைத்துச் சொல்லமாட்டேன். பணம் கிடைத்தது, கதவு திரும்பவும் திறந்தே இருந்தது. ஆனால் இருபத்தைந்து, இருபத்தாறு வயதில் ஒன்றரை ஆண்டு ஆடாமல் போனது சின்ன விலை இல்லை.

அடுத்து இந்த முடிவை எடுக்கப்போகும் பையன் என்னிடம் கேட்டால், முதல் ஆளாக இரண்டு முழு சீசனாவது ஆடிவிட்டுப் போ என்பேன். போகும்போது எந்த அணி அதிகம் தருகிறது என்று பார்க்காமல், எந்த அணியில் முதல் இரண்டு இடங்கள் ஆட்டம் காண்கின்றன என்று பார்க்கச் சொல்வேன். 2027 முதல் சி.எஃப்.எல். மைதானத்தையும் 100 யார்டாகச் சுருக்கப்போகிறார்கள். ரோர்க்கே அதை வெளிப்படையாக எதிர்த்தவர். மூன்று வாய்ப்பு, அகலம், அணிக்குப் பன்னிரண்டு ஆட்கள் எல்லாம் அப்படியே இருப்பதால் அது மட்டும் இந்தக் கணக்கைப் பெரிதாக மாற்றாது.