கூரைக்குக் கீழே வழி காட்ட எது தோது: வைஃபையா, பீக்கனா, யுடபிள்யூபியா?

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. தரைக்கு வரும்போதே சிக்னல் இளைத்துப் போயிருக்கும்; கான்கிரீட் தளங்களைத் தாண்ட அதற்குத் தெம்பில்லை. கட்டடத்துக்குள் நுழைந்ததும் வரைபடத்தின் நீலப் புள்ளி பக்கத்துத் தெருவுக்கு ஓடிவிடுவது அதனால்தான்.

வைஃபையின் பெரிய வசதி, ரவுட்டர்கள் ஏற்கெனவே இருப்பது. எந்த மூலையில் எந்த ரவுட்டர் எவ்வளவு பலமாகத் தெரிகிறது என்று ஒருவர் நடந்து அளந்து வைக்க வேண்டும். போன் தனக்குத் தெரிவதை அதோடு ஒப்பிட்டு இடத்தைக் கணிக்கும். பிழை 5 முதல் 15 மீட்டர். ரவுட்டரை நகர்த்தினால் மறுபடி அளக்கணும். அப்புறம் ஆண்ட்ராய்டு 9 ஒரு கடிவாளம் போட்டது: சுற்றியுள்ள ரவுட்டர்களைத் தேட, திறந்திருக்கும் செயலிக்கே 2 நிமிடத்தில் 4 ஸ்கேன்தான். அரை நிமிடத்தில் நாம் நாற்பது மீட்டர் நடந்திருப்போம்! சாதாரண ஐபோன் செயலிகளுக்கு ரவுட்டர்களின் இந்த சிக்னல் அளவுகளே கிடைப்பதில்லை. அதே ஆண்ட்ராய்டு 9 கொண்டுவந்த ஆர்டிடி (RTT) என்ற வைஃபை வசதி, சிக்னல் போய்வரும் நேரத்தை அளந்து 1-2 மீட்டருக்குள் சொல்லும். ஆனால் போன், ரவுட்டர் இரண்டிலும் அந்த வசதி வேண்டும்.

பீக்கன், பேட்டரியில் ஓடும் சின்ன ப்ளூடூத் பெட்டி. அதன் சிக்னல் எவ்வளவு பலமாக வருகிறது என்பதை வைத்துப் போன் தூரத்தைக் கணிக்கும். 2013இல் ஆப்பிளின் ஐபீக்கன் வந்தபோது பிரபலமானது. மாட்டுவது சுலபம், பேட்டரி மாற்றுவதுதான் தலைவலி. இன்னொன்று, ப்ளூடூத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நம் உடம்பே உறிஞ்சும். போனை நெஞ்சுக்கு முன்னால் பிடித்து நின்றால், முதுகுக்குப் பின்னால் இருக்கும் பீக்கன் தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும்.

யுடபிள்யூபி என்பது அல்ட்ரா வைட்பேண்ட் (UWB) என்ற ரேடியோ நுட்பம். துல்லியத்தில் அதை அடிக்க ஆளில்லை. ரேடியோ அலை ஒரு நானோ நொடியில் 30 சென்டிமீட்டர் போகும். அந்த நேரத்தை அளப்பதால் பிழை சில பத்து சென்டிமீட்டருக்குள் அடங்கும். ஐபோன் 11இல் (2019) வந்தாலும் எல்லாப் போனிலும் இல்லை, கட்டடம் முழுக்கத் தனிக் கருவிகளும் பொருத்த வேண்டும். கிடங்கில் வண்டியைத் தேடுவதற்குச் சரி, வந்து போகிறவருக்கு வழி காட்ட அதிகம்.

மீட்டர் கணக்கை விட மாடிதான் முக்கியம் என்பேன். பத்து மீட்டர் தள்ளிக் காட்டினாலும் கதவு கண்ணில் படும். மாடி தப்பினால் சுவரைத்தான் பார்த்துக்கொண்டு நிற்போம். பல போன்களில் இருக்கும் பாரோமீட்டர் (காற்றழுத்தமானி) இதற்கு உதவும்: 3 மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் ஏறக்குறைய 0.36 ஹெக்டோபாஸ்கல் குறையும். வானிலையும் அழுத்தத்தை மாற்றும் என்பதால், ஏறியதா இறங்கியதா என்பதற்கு மட்டும் அதை நம்பலாம்.

என்னைக் கேட்டால், ஆர்டிடி ரவுட்டர் இருக்கும் இடத்தில் வேறெதுவும் வாங்க வேண்டாம். இல்லையென்றால் லிஃப்ட் வாசலிலும் படிக்கட்டு முனையிலும் மட்டும் பீக்கன் வையுங்கள். இடைப்பட்ட தூரத்தைப் போன் காலடியை எண்ணிச் சமாளித்துக்கொள்ளும்.