அம்மாபேட்டை இங்கிலீஷ் கிராமர் வகுப்பு: வாய்ஸ் பாடத்துக்காகவே சேரலாம்

பகலில் சேகோ மில்லில் கணக்கு எழுதிக்கொண்டு, எஸ்.எஸ்.சி. சி.எச்.எஸ்.எல். என்ற மத்திய அரசு வேலைக்கான தேர்வுக்குப் படிக்கிறேன். ஆக்டிவ், பாஸிவ் வாய்ஸ், அதாவது செய்வினை, செயப்பாட்டுவினை, அதன் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. முன்பு போன ஒரு கோச்சிங்கில் டென்ஸ் வாரியாக அட்டவணை கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொல்லிவிட்டார்கள். அட்டவணைக்கு வெளியே ஒரு வாக்கியம் வந்தால் முழி பிதுங்கும்.

இப்போது போவது சேலம் அம்மாபேட்டையில், தறிக்கூடத்துக்கு மேல் மாடியில் நடக்கும் மாலை வகுப்பு. நடத்துபவர் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை. வாய்ஸ் பாடம் தொடங்கியதும் வாக்கியத்தை மாற்றி எழுதவே விடமாட்டார். இது ஆக்டிவா பாஸிவா என்று சொன்னால் போதும்.

போர்டில் ஒரு வாக்கியம் எழுதுவார். வினைச்சொல் மட்டும் தெரியும்படி மற்றதை நோட்டால் மறைத்துவிடுவார். "தம்பி, இஸ், வாஸ், பீன் மாதிரி பீ வகைச் சொல் இருக்கா? ஒட்டினாப்ல வி த்ரீ, அதான் வினையோட மூணாவது வடிவம், இருக்கா? ரெண்டும் இருந்தா மட்டும் சந்தேகப்படுங்க" என்பார். 'ஹேஸ் ரிப்பேர்ட்' என்றால் ஆக்டிவ். 'ஹேஸ் பீன் ரிப்பேர்ட்' என்றால் பாஸிவ். 'இஸ் பீயிங் ரிப்பேர்ட்' என்பதில் ஐஎன்ஜி இருக்கிறதே என்று ஆக்டிவ் பக்கம் சாய்பவர்கள் நிறைய, அதுவும் பாஸிவ்தான்.

அப்புறம் நோட்டை எடுப்பார். 'தி பஸ் வாஸ் கிளைம்பிங் டு ஏற்காடு': ஏறுவது பஸ்தான், ஆக்டிவ். 'தி காட் ரோடு வாஸ் பிளாக்ட்': ரோடு எதையும் மறிக்கவில்லை, அதை யாரோ மறித்திருக்கிறார்கள். 'பை' இல்லாமலே பாஸிவ். 'வி சாட் பை தி லேக்': 'பை' இருந்தும் ஆக்டிவ், ஏரிக்கரையில் உட்கார்ந்தது நாங்கள்தான். எனக்குப் பிடித்தது 'தி மேங்கோஸ் வேர் சோல்ட் பை நூன்'. பாஸிவ்தான், ஆனால் அந்த 'பை நூன்' நேரம். ஆக்டிவாக மாற்றும்போது நூனை எழுவாய் ஆக்கினால், மத்தியானமே கடை போட்டு மல்கோவா விற்ற கதையாகிவிடும். 'தி பஸ் இஸ் கான்' என்பதில் பீயும் இருக்கிறது, வி த்ரீயும் இருக்கிறது, பாஸிவ் இல்லை. 'கோ' செயப்படுபொருள் கேட்காத வினை, அதற்குப் பாஸிவே வராது. சந்தேகப்படச் சொன்னதன் காரணம் அங்கேதான் புரிந்தது.

குறை இல்லாமல் இல்லை. கட்டளை வாக்கியங்களை ஒரே மாலையில் ஓட்டிவிட்டார். 'லெட் தி டோர் பி ஓப்பன்ட்', 'யு ஆர் ரிக்வெஸ்டட் டு' மாதிரியான வாக்கியங்கள் தேர்வுக்குப் படிப்பவனுக்கு முக்கியம். இன்னும் நாலு பயிற்சித்தாள் கொடுத்திருக்கலாம். கடிகாரம் வைத்துப் போடும் மாக் டெஸ்டும் கிடையாது. வேகம் வேண்டுமென்றால் பழைய வினாத்தாள்களை வாங்கி வீட்டில் போட்டுப் பார்க்க வேண்டியதுதான். ஜெராக்ஸ் நோட்ஸ் மங்கல். கீழே தறி ஓடும்போது கடைசி பெஞ்சில் ஒன்றும் கேட்காது.

மாதம் 800 ரூபாய், முன்பணம் கேட்பதில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஞாயிறு காலையில் தனி பேட்ச். வண்டியில் வருகிறவர்கள் தறிக்கூட வாசலை மறிக்காமல் தெருமுனையில் நிறுத்துங்கள். பாவு இறக்க வண்டி வந்தால் பாதி வகுப்பில் கீழே இறங்கி ஓட வேண்டியிருக்கும்.