ஒழுங்கைக்கு நிழல் கீறிய மூன்று வருடம்

வீட்டுப் பிளான் கீறுவதுதான் என் தொழில். நல்லூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் ஒழுங்கையில் பூவரசும் கிளுவையும் நின்ற வேலிகள் போய் மதில்கள் வந்தபிறகு, மத்தியானத்தில் கடைக்கு நடக்க ஆளில்லை. எங்கே மரம் வைக்கலாம் என்று பார்க்க, கட்டடங்களை முப்பரிமாணத்தில் கீறி நிழலும் காட்டும் ஸ்கெட்ச்அப் மென்பொருளையும், தெருவின் குறுக்குவெட்டைக் கீற உதவும் ஸ்ட்ரீட்மிக்ஸ் இணையத்தளத்தையும் மூன்று வருடமாகப் பாவிக்கிறேன்.

ஸ்கெட்ச்அப்பில் முதலில் ஏமாந்தேன். இடத்தைக் குறிக்காமல் விட்டால் அது அமெரிக்காவின் பௌல்டர் நகரத்து வெய்யிலைத்தான் காட்டும். சித்திரை மாத நண்பகலில் எதிர்வீட்டு மதில் நீட்டாக நிழல் விழுத்தியது. பிறந்ததிலிருந்து அப்படியொரு நிழலை நான் கண்டதில்லை! யாழ்ப்பாணம் ஏறத்தாழ 9.7 பாகை வடக்கில் இருக்கிறது. அதைச் சரியாகக் கொடுத்ததும் நிழல் மதிலின் காலடிக்குள் சுருண்டுவிட்டது. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் 12.10 அளவில் சூரியன் நேரே உச்சியில் நிற்கும். இடையில் ஜூனில் நண்பகல் நிழல் தெற்கே விழும், டிசம்பரில் வடக்கே. எங்கள் ஒழுங்கை கிழக்கு மேற்காக ஓடுவதால் நிழல் கரை மாறிக்கொண்டே இருக்கிறது. திகதியை இழுத்து இழுத்துப் பார்த்ததில் கிடைத்த பெரிய பிரயோசனம் இதுதான்: மதிலை நம்பி நடக்க முடியாது, தலைக்கு மேல் கிளை வேண்டும். பருத்தித்துறைத் தெருமூடி மடத்தைக் கட்டியவர்கள் கணினி இல்லாமலே தெருவுக்கு மேல் கல்லால் கூரை போட்டுவிட்டார்கள்.

அதே ஏப்ரல் வெய்யில் இன்னொன்றுக்கும் உதவியது. உச்சிப் பொழுதில் வேம்பின் நிழல் விளிம்பைச் சோக்கால் கீறினால், அதுதான் கிளைப்பரப்பின் அகலம். ஏணி தேவையில்லை. அந்த அளவையே மொடலில் போட்டேன்.

ஸ்ட்ரீட்மிக்ஸ் லேசானது. தெருவின் அகலத்தைக் கொடுத்து வாகனம், சைக்கிள், மரம் என்று துண்டு துண்டாக அடுக்கலாம். அயலவருக்குக் காட்ட நல்லது, வெய்யிலுக்கு உதவாது. எங்கள் ஒழுங்கை 4 மீற்றர்தான். மரத்தை வைத்தால் அகலம் மீறுகிறது, கார்ப் பாதையைக் குறைத்தால் அயலவர் முகம் சுருங்குகிறது. எதிர்வீட்டு அன்ரி போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "மரம் எங்கட மதிலுக்குள்ள நிண்டா என்ன தம்பி? கிளைதானே வெளியில வேணும்" என்றார். தெருவைத் தெருவுக்குள்ளேயே அடுக்கிக்கொண்டிருந்த எனக்கு அது தோன்றவே இல்லை.

சரி, குறைகள். ஸ்கெட்ச்அப்பில் எடுத்துப் போடும் மரம் வைத்த அன்றே வளர்ந்து நிற்கும். கறண்ட் கம்பியை நாமேதான் கீறவேண்டும். அதை மறந்து நான் முதலில் மரம் வைத்த கரையில்தான் கம்பி போகிறது, அங்கே கிளை தறிக்கப்பட்டுவிடும்.

போன வருடம் கார்த்திகை மழையோடு அன்ரி வளவில் வேம்பு நட்டோம். மொடலில் 8 மீற்றர், வளவில் இடுப்பளவு. போன கிழமை மொடலிலும் இடுப்பளவுக்குக் குறைத்து நிழலைப் போட்டுப் பார்த்தேன். அது அன்ரியின் ரோசாச் சாடிகளைக்கூடத் தாண்டவில்லை.