ஐந்து ஏன், கெப்னர்-ட்ரெகோ, சிஎஃப்ஐஏ: எந்தப் பழுதுக்கு எது?

பி1 டிக்கெட்டை, அதாவது மிக அவசரமான ஐடி பழுதுப் புகாரை, மூடிய கையோடு கிளையன்ட் ஆர்சிஏ (மூலக்காரண ஆய்வு) கேட்பார். சென்னையின் ஐடி சாலையான ஓஎம்ஆர் பக்கம் நான் பார்த்த டீம்கள் உடனே எடுப்பது 'ஐந்து ஏன்' முறையைத்தான். டொயோட்டாவில் வளர்ந்த முறை அது, பேப்பரும் பேனாவும் போதும். சிக்கல் என்னவென்றால் அது ஒரே கோட்டில் போகும். சர்வர் ஏன் விழுந்தது? டிஸ்க் நிரம்பியது. ஏன்? பழைய லாக் (பதிவு) ஃபைல்கள் அழியவில்லை. ஏன்? அதைத் தானாக அழிக்கும் ஜாப் நின்றுபோயிருந்தது. சரி, டிஸ்க் நிரம்பிக்கொண்டே வந்ததை மானிட்டரிங் ஏன் சொல்லவில்லை? அது வேறு கிளை, யாரும் கேட்பதே இல்லை. கடைசி ஏனுக்கு 'மனிதத் தவறு' என்று எழுதி நைட் ஷிஃப்ட்டில் இருந்த பையன் தலையில் கட்டிவிடுகிறார்கள். இது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

காரணங்களை மீன்முள் மாதிரி வகைவகையாக வரையும் இஷிகாவாவின் மீன்முள் படம் கிளைகளைக் காட்டும். ஆனால் சந்தேகங்களைச் சேர்க்கத்தான் உதவும், எது உண்மை என்று சொல்லாது.

பழுது நேரத்தில் எல்லாரும் சேரும் பிரிட்ஜ் கால் என்ற கூட்டு அழைப்பில் இருபது பேர் ஆளுக்கொரு காரணம் சொல்லும் நேரத்துக்கு என் ஓட்டு கெப்னர், ட்ரெகோ என்ற இருவர் பெயரில் உள்ள முறைக்கு. பழுது எங்கே இருக்கிறது, இருந்திருக்கலாம் ஆனால் எங்கே இல்லை என்று அருகருகே இரண்டு பத்தியாக எழுதுவதுதான் இதன் உயிர். லாகின் இழுக்கிறது என்று வையுங்கள். சிறுசேரியில் உண்டு, கிண்டியில் இல்லை. வைஃபையில் உண்டு, கேபிள் போட்ட மேசையில் இல்லை. திங்கள் முதல் உண்டு, வெள்ளி வரை இல்லை. இப்போது ஒருவர் "டேட்டாபேஸ்தான் காரணம்" என்றால், அப்படியானால் கிண்டி ஏன் தப்பித்தது என்று கேட்டாலே போதும். வார இறுதியில் சிறுசேரி வைஃபை கன்ட்ரோலரில் ஏற்றிய ஃபர்ம்வேர் (கருவிக்குள் இருக்கும் மென்பொருள்) மட்டும்தான் எல்லா வரிக்கும் பொருந்தி நிற்கும், அதைப் பழைய பதிப்புக்கு ரோல்பேக் செய்து பார்த்து உறுதிப்படுத்தலாம்.

இவை மூன்றும் விழுந்த பிறகு செய்வது. விழுவதற்கு முன் செய்ய ஃபால்ட் ட்ரீயும் (ஒரு பழுதுக்கு எவையெல்லாம் சேர்ந்து காரணமாகலாம் என்ற மர வரைபடம்) சிஎஃப்ஐஏவும் (ஒவ்வொரு பாகமும் போனால் என்ன ஆகும் என்ற ஆய்வு) உண்டு. ஃபால்ட் ட்ரீ 1962-இல் பெல் லேப்ஸில் மினிட்மேன் ஏவுகணைக்காக உருவானது. விழும் வாய்ப்பைக் கணக்குப் போடத் தோதானது, ஆனால் வரைய நாளாகும், அதனால் பேமென்ட் மாதிரி சேவைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

சிஎஃப்ஐஏ அதைவிட எளிது. ஒரு அட்டவணைதான்: இடப்பக்கம் ஸ்விட்ச், சர்வர், யூபிஎஸ், இன்டர்நெட் லிங்க், மேலே சேவைகள். ஒன்று போனால் சேவை நின்றுவிடுமா? எக்ஸ். மாற்று தானாக எடுத்துக்கொள்ளுமா? ஏ. எக்ஸ் நிறைந்த வரிசைதான் உங்கள் பலவீனம். இரண்டு நிறுவனங்களிடம் லிங்க் வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாக ஏ போடுவார்கள். இரண்டு ஃபைபரும் ஒரே பள்ளத்தில் போனால்? மெட்ரோ வேலைக்குத் தோண்டும் ஒரே ஜேசிபி இரண்டையும் அறுத்துவிடும். ஒவ்வொன்றும் விழ 1% வாய்ப்பு என்றால் இரண்டும் சேர்ந்து விழ 0.01% என்ற ஃபால்ட் ட்ரீ கணக்கும் அங்கே பொய்த்துப்போகும், ஏனென்றால் அந்தப் பெருக்கல் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பழுதுகளுக்கு மட்டுமே செல்லும். அதனால் பள்ளத்தையும் கட்டடத்துக்குள் கேபிள் நுழையும் இடத்தையும் தனித்தனி வரியாக எழுதுங்கள், ஃபைபர் போகும் பாதையை இரண்டு நிறுவனங்களிடமும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஜூனிலேயே கேட்டால்தான் வடகிழக்குப் பருவமழைக்குள் பாதையை மாற்ற அவகாசம் கிடைக்கும்.