ஓராண்டுச் சந்தா, ஒரே ஒரு 'பளம்'

பெங்களூருவில் வளரும் என் இரண்டரை வயது மகளுக்காக, தமிழ் சொல்லித்தரும் ஒரு வீடியோ செயலிக்கு ஓராண்டுச் சந்தா கட்டினேன். 2,400 ரூபாய். படங்கள் அழகு, பாட்டுகளும் பரவாயில்லை. ஆனால் திரையில் 'பழம்' என்று எழுத்து ஓட, குரல் 'பளம்' என்கிறது. காசு வாங்கிக்கொண்டு இப்படியா?

நான்கு மாதம் ஆயிற்று. திரையைப் பார்த்துச் சிரிக்கிறாள், ஒரு சொல் திருப்பிச் சொல்வதில்லை. பூங்காவில் பத்து நாள் விளையாடியதில் 'பேடா' (வேண்டாம்) என்ற கன்னடச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். இப்போது சோற்றுக்கும் பேடா, குளிக்கவும் பேடா.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். 2003இல் வெளியான ஓர் ஆய்வில், குழந்தைகள் மொழி கற்பதை ஆராயும் பாட்ரிசியா குல் குழுவினர் 9 மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு 12 அமர்வுகள் மாண்டரின் என்ற சீன மொழியைக் கேட்கவைத்தார்கள். ஆட்கள் நேரில் பேசி விளையாடியபோது அந்த மொழியின் ஒலிகளைக் குழந்தைகள் பிரித்தறிந்தன. அதையே வீடியோவில் பார்த்த குழந்தைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை. இதைச் சந்தா கட்டும் முன் படித்திருக்கலாம்.

மதுரையிலிருந்து அம்மாச்சி வாட்ஸ்அப்பில் வந்து, "தங்கம், பல்லு வெளக்கிட்டியா? எங்க காட்டு!" என்றால் வாயைத் திறந்து காட்டி, "வெளக்கித்தேன்" என்கிறாள். அதுவும் திரைதான், ஆனால் பதிலுக்குக் காத்திருக்கும் திரை.

செயலிக்கு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், அதுவும் படங்களுக்காக. சந்தாவை ரத்து செய்யும் பொத்தானை எங்கே ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.