பழைய சாறியில் போர்வை: கையா, மெசினா, முடிச்சா?

வன்னியில் தடித்த பஞ்சு வைத்த குவில்ட் தைப்பது வீண் செலவு. தை மாதப் பனிக்குச் சில இரவுகள் உதவும், பிறகு அலுமாரியில் இடத்தைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். பொலியெஸ்ரர் பஞ்சென்றால் வியர்வையையும் உறிஞ்சாது. இங்கு வருடம் முழுக்கப் பயன்படுவது மூன்று படை பழைய கொட்டன் சாறியை ஒன்றாகத் தைத்த மெல்லிய போர்வைதான். வங்காளத்தில் காந்தா என்று செய்வதும் அடிப்படையில் இதுவே. படைகளை எதனால் பிடித்து வைப்பது என்பதில்தான் மூன்று வழிகள் இருக்கின்றன: கையால் நூலோட்டம் (ஊசியை மேலும் கீழும் விட்டுப் போகும் நேர்த்தையல்), மெசின் தையல், இடைக்கிடை முடிச்சு.

துணிக் கணக்கு மூன்றுக்கும் ஒன்றே. ஆறு யார் சாறி 216 அங்குலம், அகலம் ஏறக்குறைய 45. அதில் 90 அங்குலத்தில் இரண்டு துண்டு வெட்டினால் இரண்டு படை வரும். மிச்சமுள்ள 36 அங்குலத்தைப் போர்வை ஓரத்தைச் சுற்றித் தைக்கும் கரைப்பட்டிக்கு வையுங்கள். மூன்றாவது படையை இன்னொரு சாறியிலிருந்து எடுத்து நடுவில் போடுங்கள், மிகவும் தேய்ந்தது அதுவாக இருக்கட்டும். வெட்டுமுன் சாறியை யன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கொசுவம் வரும் இடமும் நிலத்தில் உரசும் கீழ்க்கரையும் முதலில் நைந்திருக்கும். இரண்டு கட்டைவிரலாலும் பிடித்து மெதுவாக இழுக்கும்போது இழை விலகினால் அந்தப் பகுதி மேற்படைக்கு ஆகாது. புதுத் துணியைப் பழையதோடு சேர்ப்பதானால் முதலில் அதை நனைத்துத் துவைத்துக் காயவையுங்கள். இல்லாவிட்டால் முதல் கழுவலில் அது மட்டும் சுருங்கி, போர்வை முழுதும் முறுகிப் போகும்.

சாயத்தையும் சோதியுங்கள். கரையின் ஒரு மூலையை நனைத்து, மேலே வெள்ளைத் துணி வைத்துச் சூடாக அயன் பண்ணுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தக் கரையை வெட்டி எறியுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள், அதை நம்பி வெள்ளையோடு சேர்க்க வேண்டாம்.

படைகளை விரிக்கக் கூட்டித் துடைத்த சீமெந்து நிலம்தான் வசதி. பாயின்மேல் விரித்தால் ஊசி ஓலையையும் சேர்த்துத் தைத்துவிடும், பிரிக்கும்போதுதான் தெரியும். நான்கு மூலையிலும் செங்கல் வைத்துச் சுருக்கமில்லாமல் இழுத்து, நான்கு அங்குலத்துக்கு ஒரு வரியாகத் தற்காலிக நூலோட்டம் போடுங்கள். சேப்டி பின் குத்தி மாதக்கணக்கில் வைத்தால் துருப்பிடிக்கும், அந்தக் கறை போகாது.

இனி கைத்தையல். அரை அங்குலத்துக்கு ஒரு வரி என்றால் 45 அங்குல அகலத்தில் 90 வரி. ஒவ்வொன்றும் 90 அங்குலம், ஆக மொத்தம் 8100 அங்குலம். நூல் மேலும் கீழும் போய்வருவதையும் சேர்த்தால் சுமார் 235 மீற்றர் வேண்டும். பூத்தையலுக்கான எட்டு மீற்றர் நூற்கட்டில் ஆறு இழை இருக்கும். இரண்டிரண்டாகப் பிரித்தால் ஒரு கட்டில் 24 மீற்றர் கிடைக்கும், பத்துக் கட்டு போதும். முடிச்சுக்கும் வெட்டுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு வாங்குங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்குவது நல்லது, அடுத்த தடவை அதே இலக்க நிறம்கூடச் சற்று மாறி வரும்.

தையல் மூன்று மில்லிமீற்றர், இடைவெளி இரண்டு. ஊசி நீளமாகவும் மெல்லியதாகவும் இருக்கட்டும். நான்கைந்து தையலை ஒன்றாக ஊசியில் ஏற்றி இழுங்கள். இழுத்த கையோடு தைத்த இடத்தை இடது கட்டைவிரலால் முன்னோக்கி நீவிவிட வேண்டும். பலர் விடுவது இதைத்தான். நீவாமல் போனால் நூல் இறுகி நின்று, ஒரு கழுவலிலேயே நடுவில் அறுந்துவிடும். நீவிய போர்வையில் கழுவிக் காய்ந்தபின் சிறு அலைபோன்ற சுருக்கம் தானாகவே வரும். அதுதான் இந்த வேலையின் அழகு, அதை அயன் பண்ணிக் கொல்ல வேண்டாம். முடிச்சை வெளியில் விடாமல், மேற்படைக்குள் ஊசியை நுழைத்துச் சற்றே சுண்டி இழுத்தால் அது உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். அகலத்தில் இரண்டு மூன்று அங்குலம் குறையும், கரைப்பட்டியை அதற்குப் பிறகே அளந்து வெட்டுங்கள்.

ஒரு வரிக்கு 20 நிமிடம் என்றாலும் 30 மணித்தியாலம். விலை சொல்லும்போது இந்தக் கணக்கு ஞாபகத்தில் இருக்கட்டும்.

மெசினில் இரண்டு அங்குல இடைவெளியில் 22 வரி போதும், ஒரு பகலில் முடியும். மேல் நூலும் பொபின் நூலும் சேர்த்து 150 மீற்றர் வரை எடுக்கும். பழைய கறுப்புத் தலைக் கால்மெசினே தாராளம். அதில் கீழுள்ள பல் அடித்துணியை மட்டும் இழுக்கும், மேல்துணியைப் பாதம் முன்னே தள்ளிக்கொண்டு போகும். வரி முடிவில் மேற்படை ஒரு விரல் அகலம் மிஞ்சி மடிவது இதனால்தான். பாதக் கம்பியின் தலையிலுள்ள திருகைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறையுங்கள். நடுவரியிலிருந்து தொடங்கி வெளியே போங்கள், எல்லா வரியையும் ஒரே திசையில் தையுங்கள். ஒன்றை மேலிருந்தும் அடுத்ததைக் கீழிருந்தும் தைத்தால் இரண்டுக்கும் நடுவில் துணி சாய்ந்து சுருங்கும்.

ஆனால் நைந்த சாறிக்கு மெசின் எதிரி. தையலைச் சிறிதாக வைத்தால் ஊசி போட்ட ஓட்டைகள் முத்திரைத் தாளின் துளை வரிசைபோல ஆகிவிடும். பொலியெஸ்ரர் நூல் துணியைவிடப் பலமானது, ஆகவே பிறகு கிழிவது துணிதான், அதுவும் வரியோடு நேராக. 12ஆம் இலக்க ஊசி, கொட்டன் நூல், மூன்றரை மில்லிமீற்றர் தையல் என்று வைத்தால் சேதம் குறையும், இல்லாமல் போகாது. உறுதியான சாரத்துணி, பழைய பெட்சீட், கால்மிதி, பை இவற்றுக்கு மெசினைத் தவிர வேறு யோசிக்கத் தேவையில்லை.

முடிச்சு முறையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நான்கு அங்குலத்துக்கு ஒன்றாக 240 அளவில் வரும். ஊசியைக் குத்தி எடுத்து, அதே இடத்தில் இன்னொரு தடவை குத்தி, இரட்டை முடிச்சுப் போட்டு, அரை அங்குல வால் விட்டு வெட்டுவதுதான் வேலை. இழுவை முழுதும் அந்தப் புள்ளியிலேயே விழுவதால் நைந்த துணி அங்கே ஓட்டையாகும். கார்மென்ட்ஸ் வெட்டுத்துண்டாக வரும் ரீசேட் துணிக்கு இது பொருந்தும். அது இழுபடும் துணி, நூலோட்ட வரி அதைப் பிடித்து நிறுத்தப் பார்த்து அறுந்துவிடும். முடிச்சு விட்டுக்கொடுக்கும்.

பூ வேலை வேண்டுமென்றால் கைத்தையலில்தான் இடம் இருக்கிறது. நைந்த இடத்தின் மேல் இலை வடிவில் ஒரு துண்டு வெட்டி, ஓரத்தைக் கால் அங்குலம் உள்ளே மடித்துத் தைத்து, சுற்றிவரக் கால் அங்குலத்துக்கு ஒரு வரியாக நூலோட்டம் போடுங்கள். இலை தானாக எழும்பி நிற்கும், கிழிசலும் மறையும். பூவின் உட்பகுதியை நூலால் மூடும் அடர்ந்த நிரப்புத் தையல் போர்வைக்கு வேண்டாம். நீண்ட இழைகள் கால்நகத்தில் மாட்டும். அதைத் தலையணை உறையின் வாய்ப்பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நிறத்தில் ஒரு சொல். கிரவல் றோட்டோர வீட்டுக்கு வெள்ளை அடித்துணி ஆகாது. குழாய்க்கிணற்றில் இரும்பு கூடிய இடங்களில் வெள்ளை சில கழுவலிலேயே மஞ்சளிக்கும். காவி, கரும்பச்சை, கடுநீலம் தாங்கும். அதன்மேல் வெளிறிய நூல் போட்டால் ஒவ்வொரு தையலும் தனித்தனியாகத் தெரியும், கோணல் வரியும் சேர்ந்தே தெரியும்.